ஏழிசை மன்னரும் ஊர்ப்பேச்சும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த நாடு கரிசல் நாடு. கோடைக்காலத்தில் அந்நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதனைக் காணும் புதியவர் ஒருவர், இம்மண்ணில் ஒரு புல்லும் முளையாது என்று முடிவு கட்டிவிடுவார். அவ்வூர் உழவரோ கண்ணால் கண்ட மேற்பரப்பை மட்டும் நம்புவதில்லை. மழை விழுந்ததும் மண்ணைத் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கையால் பிடித்துப் பார்ப்பர். உள்ளே ஈரத்தை நெடுநாள் காத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது கரிசல் மண். அதனை அறிந்தே அவர்கள் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைத்து வாழ்கின்றனர்.

1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. இன்ன விதை நன்று என்று ஒருவர் கூறினால், அதனை அவ்வாறே ஏற்றுக்கொள்வது ஆராய்ச்சியாளர் வழக்கமன்று. அடுத்தடுத்த பாத்திகளில் விதைத்து, விளைவை நிறுத்துப் பார்த்து, பல பருவங்கள் ஒப்பிட்ட பின்னரே அவர்கள் உழவருக்குச் சொல்வர். மண்ணையும் விதையையும் இவ்வாறு சோதிக்கும் நாம், மனிதரைப் பற்றிய பேச்சை மட்டும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அதனால் விளையும் கேட்டினை உணர்த்துவதற்கு ஒரு நடிகரின் வாழ்க்கை நமக்குப் பாடமாக அமைந்துள்ளது. அவரே ஏழிசை மன்னர் எனப் போற்றப்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதர்.

பிறப்பும் இளமையும்

பாகவதர் 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் மாயவரத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று மயிலாடுதுறை என வழங்குகின்றது. தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியார், பொற்கொல்லர். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் குடியேறியது. சிறுவர் தியாகராஜருக்குப் பள்ளிப் பாடத்தில் நாட்டம் செல்லவில்லை. பாட்டிலேயே உள்ளம் சென்றது.

அக்காலத்தில் திருச்சியில் ரசிக ரஞ்சன சபை என்னும் கலைக்கழகம் ஒன்று இருந்தது. அதனை நடத்திய எப். ஜி. நடேச ஐயர் சிறுவரின் குரல்வளத்தைக் கண்டறிந்து, அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்தை அவருக்கு அளித்தார். பின்னர் மதுரைப் பொன்னு ஐயங்கார் என்னும் வயலின் கலைஞரிடம் பாகவதர் முறையாக இசை பயின்றார். இறைவன் அளித்த குரல் ஒன்றே அவரை உயர்த்திற்று என்று கூறுவோர் இந்தப் பயிற்சிக் காலத்தை மறந்துவிடுகின்றனர். குரல் இயற்கை தந்தது. அக்குரலை அடக்கி ஆளும் திறம் பல ஆண்டு உழைப்பால் வந்தது.

மேடையிலிருந்து திரைக்கு

தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரைப் போற்றுவர். அவர் எழுதிய நாடகங்களுள் பவளக்கொடியும் ஒன்று. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் காலத்தில், தென்பாண்டி நாட்டு ஊர்களில் விடிய விடிய நடந்த நாடகங்களுள் பவளக்கொடிக் கதைக்குத் தனிச் சிறப்பு உண்டு. பாகவதர் அக்கதையில் அருச்சுனன் வேடம் பூண்டு மேடையில் பெரும்புகழ் பெற்றார். அதனைக் கண்டே இயக்குநர் கே. சுப்பிரமணியம் 1934ஆம் ஆண்டில் பவளக்கொடியைத் திரைப்படமாக்கினார். அதுவே பாகவதரின் முதற்படம்.

அக்காலத் திரைப்படம் இன்றைய படம் போன்றதன்று. பிறர் பாட, நடிகர் வாயசைக்கும் முறை அப்போது பரவவில்லை. நடிப்பவரே பாடவேண்டும். ஆதலால் பாடத் தெரிந்தவரே கதைத் தலைவராக நடிக்க முடிந்தது. பாகவதரின் குரல் இசைத்தட்டு வழியாகவும் திரை வழியாகவும் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. 1937ஆம் ஆண்டில் வெளிவந்த சிந்தாமணி, ஒரே கொட்டகையில் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. அப்படத்தால் வந்த பொருளைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்னும் பெயராலேயே ஒரு திரையரங்கு கட்டப்பட்டது. அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி எனப் படத்துக்குப் படம் புகழ் வளர்ந்தது. பாபநாசம் சிவனின் பாடல்கள் அப்புகழுக்குப் பெருந்துணையாயின. பாகவதரைப் போலவே தலைமுடியை நீள வளர்த்துக்கொண்ட இளைஞரை ஊர்தோறும் காணலாம் என்ற நிலை வந்தது.

புகழ் வளர வளரக் கதைகளும் வளர்ந்தன. பாகவதர் தங்கத் தட்டில் உண்பவர் என்பது அவற்றுள் ஒன்று. சென்னைக்குச் சென்று வந்தவர் ஒருவர் சொல்ல, கேட்டவர் இன்னும் சிறிது கூட்டிச் சொல்ல, செய்தித்தாள் ஒன்றையே ஊர் முழுவதும் கூடிப் படித்த நாளில் இத்தகைய பேச்சு காட்டுத்தீயாகப் பரவிற்று. இக்கதையால் அந்நாளில் யாருக்கும் கேடு நேரவில்லை. ஆயினும் இதனை நாம் மறந்துவிடலாகாது. ஒருவரது உயர்வை மிகைப்படுத்திச் சொன்னவர்களே, பின்னர் அவரது வீழ்ச்சியையும் மிகைப்படுத்திச் சொன்னார்கள்.

வதந்தியை விற்றவர்

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழில் சிறந்து விளங்குவதை நாம் அறிவோம். தீக்குச்சியின் முனையில் இருக்கும் மருந்து கடுகளவே. அது அடுப்பை மூட்டவும் பயன்படும்; கூரையை எரிக்கவும் பயன்படும். அச்செழுத்தும் அத்தகையது. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்னும் இதழை நடத்தினார். நடிகர், நடிகையரின் சொந்த வாழ்வைப் பற்றிய அவதூறுகளே அவ்விதழின் சரக்கு. அவற்றுள் எது மெய், எது பொய் என்று வாங்கிப் படித்தவர் கேட்கவில்லை. இதழ் விற்றது, பேச்சு பரவியது, எழுதப்பட்டவரின் மானம் தெருவில் நின்றது.

அது இரண்டாம் உலகப்போர்க் காலம். இதழ் நடத்துவதற்கு அரசின் உரிமம் வேண்டும். திரைத்துறையினர் சென்னை ஆளுநர் சர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, சினிமா தூதின் உரிமம் நீக்கப்பட்டது. லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. இந்து நேசன் என்னும் மற்றோர் இதழின் வாயிலாகப் பழைய வேலையைத் தொடர்ந்தார். 1944ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னை வேப்பேரிப் பகுதியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மருத்துவமனையில் உயிர் துறந்தார்.

அவர் செய்தது இழிதொழில் என்பதில் ஐயமில்லை. எனினும், அவதூறு எழுதியவரையும் கொல்லுதற்கு எவருக்கும் உரிமையில்லை. இழிதொழில் புரிந்தாரை அடக்கச் சட்டம் இருந்தது. அதனை விட்டுக் கத்தியை எடுத்தவன் செய்தது கொலையே அன்றி வேறன்று.

வழக்கும் தீர்ப்பும்

அக்கொலைக்குச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1944ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பாகவதர் சிறை செய்யப்பட்டார். நகைச்சுவையில் நாடு புகழ்ந்த என். எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர்ப் படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். நாடே இரு பிரிவாயிற்று. வழக்கு மன்றம் ஒரு சாட்சியையும் கேட்பதற்கு முன்னரே, குற்றம் செய்தார் என்று ஒரு சாராரும் செய்யவில்லை என்று மற்றொரு சாராரும் திண்ணைதோறும் தீர்ப்பளித்தனர். அவ்விரு சாராரும் ஒரு சாட்சியத்தையேனும் கண்டவர் அல்லர்.

அந்நாளில் உயர்நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கை ஜூரர்கள் என்னும் பொதுமக்களுள் சிலர் கேட்டு முடிவு கூறுவர். அவர்களும் ஊரில் வாழ்பவரே, ஊர்ப்பேச்சைக் கேட்பவரே. நீதிமன்றத்தில் கேட்டதை மட்டும் நினைவிற்கொண்டு, வெளியே கேட்டதை மறந்துவிடுதல் எளிதன்று. இம்முறைக்கு இருந்த இடர்களுள் இதுவும் ஒன்று. 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரர் முறைக்கு இடமில்லை.

1945ஆம் ஆண்டு மே திங்களில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் செய்த மேல்முறையீட்டை உயர்நீதிமன்றம் தள்ளியது. அப்பொழுது நம் நாட்டு வழக்குகளுக்கு இறுதி மன்றமாக இருந்தது இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அம்மன்றம், முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு வழக்கைச் சென்னைக்குத் திருப்பியனுப்பியது. நீதிபதிகள் ஹேப்பல், ஷகாபுதீன் ஆகிய இருவரும் சாட்சியங்களைப் புதிதாக ஆராய்ந்தனர். அவற்றைக் கொண்டு குற்றவாளி என்று முடிவு செய்ய இயலாது எனக் கண்டனர். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை பெற்றனர்.

விடுதலையோடு வதந்தி ஓயவில்லை. செல்வாக்கினால் தப்பினார் என்றனர் சிலர். இன்னார்தாம் கொன்றார் என்று புதுப்பெயர்களைக் கூறினர் வேறு சிலர். செல்வாக்கே காக்க வல்லதாயின், இரண்டு ஆண்டுக்கு மேல் அவர்கள் சிறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. கொலையாளி யார் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்படாத ஒன்றில் ஊகத்தினால் ஒரு பெயரைச் சேர்ப்பது, லட்சுமிகாந்தன் செய்த தொழிலையே நாமும் செய்வதாகும்.

மூன்று தீபாவளி

பாகவதரின் ஒன்பதாவது படம் ஹரிதாஸ். 1944ஆம் ஆண்டு தீபாவளியன்று அது வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. இது உண்மை. ஆனால் இச்செய்தி வாய்க்கு வாய் மாறி, படம் மூன்று ஆண்டுகள் ஓடிற்று என்று ஆகிவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். முதல் தீபாவளிக்கும் மூன்றாம் தீபாவளிக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. ஆகவே படம் ஓடியது இரண்டு ஆண்டுக்குச் சற்றே மிகுதி. பொய் சொல்லும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. எண்ணிப் பார்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். வதந்திகளுட் பெரும்பாலானவை வஞ்சகத்தினால் பிறப்பதில்லை. இத்தகைய சோம்பலினாலேயே பிறக்கின்றன.

அப்படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியில் பாகவதர் சிறையில் இருந்தார் என்பது எண்ணத்தக்கது. திரையில் அவர் பாட, மக்கள் காசு கொடுத்துக் கண்டு மகிழ்ந்தனர். அதே மக்கள் வெளியே வந்ததும் அவரது குற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு திரும்பினர்.

வீழ்ச்சியின் காரணம்

சிறையே பாகவதரின் கலைவாழ்வை அழித்தது என்பது பலரும் கூறும் கூற்று. இதில் உண்மையும் உண்டு, குறையும் உண்டு. ஒப்பந்தமான படங்கள் கைவிட்டுப் போயின. உடல் தளர்ந்தது; உள்ளம் புண்பட்டது. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் அவருடன் சிறை சென்று, அவருடனேயே வெளிவந்த கிருஷ்ணனைப் பாருங்கள். நல்லதம்பி, மணமகள், பணம் முதலிய படங்களில் அவர் முன்போலவே நடித்தும் இயக்கியும் புகழ் பெற்றார். இருவருக்கும் சிறை ஒன்றே, விளைவு வேறு. எனவே சிறையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது.

மற்றொரு காரணம் திரைத்தொழிலிலேயே இருந்தது. பின்னணி பாடும் முறை பரவவே, பாடத் தெரியாதவரும் கதைத் தலைவராக நடிக்கலாம் என்றாயிற்று. 1949ஆம் ஆண்டில் வேலைக்காரியும் 1952ஆம் ஆண்டில் பராசக்தியும் வெளிவந்தன. பாட்டுக்கு இருந்த அரியணையில் உரையாடல் அமர்ந்தது. புராணக் கதை பின்னடைய, சமூகக் கதை முன்வந்தது. கிருஷ்ணனின் கலை உரையாடலை நம்பியது. ஆகவே அது புதிய காலத்தில் தழைத்தது. பாகவதரின் கலையோ பாட்டை நம்பியது. ஆற்றின் போக்கு மாறியபோது கரையிலிருந்த மரம் வாடியது போல, அவருடைய படங்கள் முன்னைய வெற்றியைப் பெறவில்லை.

இறுதிக்காலம்

பாகவதர் மனந்தளர்ந்து மூலையில் அமர்ந்துவிட்டவர் அல்லர். விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டில், ராஜமுக்தி என்னும் படத்தைத் தாமே தயாரித்து நடித்தார். 1952ஆம் ஆண்டில் அமரகவி, சியாமளா என்னும் இரு படங்கள் வெளிவந்தன. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த புதுவாழ்வைத் தாமே இயக்கினார். இசையரங்குகளில் தொடர்ந்து பாடிவந்தார். சிவகாமி என்னும் படத்தில் நடித்துக்கொண்டிருந்த காலத்தில் நோய் முற்றியது. 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், ஐம்பது ஆண்டு நிறையாத வயதில், சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். சிவகாமி அவர் மறைந்த பின்னர் 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனோடு சேர்த்து அவர் நடித்த படங்கள் பதினான்கே.

இவர் கண்ணிழந்து, பிச்சை ஏற்று மாண்டார் என்று கூறும் கதை இன்றும் வழங்குகின்றது. நீரிழிவு நோயினால் அவரது பார்வை மங்கியது உண்மை. சொந்தப் படங்களில் பொருளை இழந்ததும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளோடு ஒரு கற்பனையைச் சேர்த்துக் கட்டியதே பிச்சைக் கதை. இறுதி ஆண்டிலும் படத்தில் நடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிச்சைக்காரர் என்று கூறுதல் பொருந்துமா என்று, ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே விளங்கிவிடும். இக்கதையைச் சொல்வோர் பலரும் இரக்கத்தினால் சொல்கின்றனர் என்பது மெய். ஆனால் இரக்கத்தினால் சொன்ன பொய்யும் பொய்யே. அது, தோல்வி கண்ட பின்னும் இறுதிவரை உழைத்த ஒருவரின் உழைப்பை மறைத்துவிடுகின்றது.

நாம் கொள்ளவேண்டியது

ஒரு செய்தியைச் சொல்பவர் எவராயினும், அதன் மெய்ப்பொருளைத் தேடிக் காண்பதே அறிவென்பது வள்ளுவர் காட்டிய வழி. அவ்வழியில் நடப்பதற்கு நாம் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே. இதனை நேரிற் கண்டவர் யார்? எப்பொழுது நிகழ்ந்தது? ஆண்டுக்கணக்கு ஒத்து வருகின்றதா? இதனைப் பரப்புவதால் யாருக்கு ஊதியம்? இது பொய்யாயின் யாருக்குக் கேடு? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரை ஒரு செய்தியைப் பிறரிடம் சொல்லாதிருத்தல் எவர்க்கும் இயல்வதே.

அந்நாளில் ஒரு வதந்தி சென்னையிலிருந்து புறப்பட்டுக் கோவில்பட்டிக்கு இரயிலேறி வந்து சேரச் சில நாட்களாயின. இந்நாளில் கைப்பேசி வழியே அது சில நொடிகளில் வந்து சேர்கின்றது. வேகம் பெருகியதே ஒழிய, அதன் நஞ்சு குறையவில்லை. முன்பு இதழ் நடத்துவோர் ஒரு சிலரே. இன்று நம்மில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இதழ் இருக்கின்றது.

பாகவதர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தம்மைப் பற்றிக் கூறப்படுவதை மறுத்துரைக்க அவர் வரப்போவதில்லை. லட்சுமிகாந்தனும் வரப்போவதில்லை. மறைந்தவர்க்கு நாம் செய்யத்தக்க நன்றி, அவரைப் புகழ்வதும் அன்று. அவருக்காக இரங்குவதும் அன்று. அவரைப் பற்றி உண்மையை மட்டும் பேசுதலே ஆகும். கரிசற்காட்டு உழவர், வெடித்த நிலத்தைக் கண்டதும் முடிவு கட்டாமல் ஒரு சாண் தோண்டிப் பார்க்கின்றார். பிறரைப் பற்றிய பேச்சு நம் காதில் விழும்போது, நாமும் அவ்வாறே ஒரு சாண் தோண்டிப் பார்ப்போமாக.